சேலத்தில் வீடு தேடுகிறோம்: அண்ணனுக்குக் கருப்பூர், தங்கைக்குக் கோரிமேடு, எந்தப் பகுதி ஒத்துவரும்?

அரூர்க்காரன் எழுதியது:

சேலத்து நண்பர்களுக்கு வணக்கம். எனக்குப் பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுநிலை வேதியியலில் இடம் கிடைத்திருக்கிறது. என் தங்கை கோரிமேட்டிலுள்ள அரசு மகளிர் கலைக் கல்லூரியில் முதலாண்டு சேர்கிறாள். இருவரும் தனித்தனி விடுதியில் இருப்பதைவிட ஒரு சிறிய வீடு எடுத்துத் தங்கினால் அம்மாவும் அவ்வப்போது வந்து இருந்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். வாடகைக்கு 8,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். வண்டி எதுவும் இப்போதைக்கு இல்லை, பேருந்துதான்.

பல்கலைக்கழகம் பெங்களூரு நெடுஞ்சாலையில் கருப்பூரில் இருக்கிறது, தங்கையின் கல்லூரியோ ஏற்காடு சாலையில் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தவர் அம்மாப்பேட்டையில் வாடகை குறைவு என்கிறார். வீட்டுத் தரகர் ஃபேர்லேண்ட்ஸ்தான் நல்ல ஏரியா என்கிறார், ஆனால் எதனால் நல்லது என்று கேட்டால் "டீசன்ட்டான இடம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. சேலத்தை நாங்கள் இதுவரை பேருந்து நிலையமாகவும் அரசு மருத்துவமனையாகவும் மட்டுமே பார்த்திருக்கிறோம். எதை வைத்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெய்யனூர்வாசி எழுதியது:

தம்பி, முதலில் ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்தில் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என்று இரண்டு மையங்கள் இருக்கின்றன. டவுன் பேருந்துகளுக்குப் பழையதும், வெளியூர்ப் பேருந்துகளுக்குப் புதியதும் தலைமையிடம். கடைவீதி, பூ மார்க்கெட், ராஜகணபதி கோயில் எல்லாம் பழையதைச் சுற்றி இருக்கின்றன. ஐந்து ரோடு, மெய்யனூர், சுவர்ணபுரி, அழகாபுரம் ஆகியவை புதியதை ஒட்டி வளர்ந்த பகுதிகள்.

உங்கள் இருவருக்கும் பொதுவான இடம் என்று பார்த்தால் அது ஐந்து ரோடுதான். ஓமலூர் சாலை குரங்குச்சாவடி, மாமாங்கம் வழியாக உங்களை நேரே கருப்பூரில் கொண்டுபோய் விடும். உங்கள் தங்கை அங்கிருந்து சாரதா கல்லூரிச் சாலை வழியாக அஸ்தம்பட்டி போய்க் கோரிமேட்டுக்கு மாறிக்கொள்ளலாம். வரைபடத்தில் பார்த்தால் நடுநிலையான தீர்ப்பு போலத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2020-இல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்த பிறகு, மேலே ஏறிவிடுகிற புறநகர்ப் பேருந்துகள் ஐந்து ரோட்டில் நிற்பதில்லை. கீழே வரும் வண்டிக்குத்தான் நீங்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே "ஐந்து ரோட்டுக்கு அருகில்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், எந்த நிறுத்தத்துக்கு அருகில் என்று கேளுங்கள். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் நிறுத்தம் என்றால் காலையில் சாலையைக் கடப்பதே தனி வேலை.

செவ்வாய்ப்பேட்டை மளிகை எழுதியது:

மெய்யனூர் அன்பர் புதிய சேலத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். 8,000 ரூபாய்க்கு ஐந்து ரோட்டில் என்ன கிடைக்கும்? மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறையும் அதற்கு வெளியே ஒரு கழிவறையும் கிடைக்கும். சித்திரை வெயிலில் பகலில் அங்கே புத்தகத்தைத் திறக்க முடியாது. அதே பணத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை, குகை, தாதகாப்பட்டி, அன்னதானப்பட்டி பக்கம் கூடம், சமையலறை, படுக்கையறை என்று முழு வீடே கிடைக்கும். மளிகையும் காய்கறியும் மலிவு, இரவு பதினொரு மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். வீட்டில் இருப்பது யார் என்று தெருவுக்கே தெரியும் என்பதால் ஒரு பெண் பிள்ளை தனியாக இருந்தாலும் நான்கு வீட்டார் கவனித்துக்கொள்வார்கள்.

குறையையும் மறைக்க மாட்டேன். எங்கள் தெருவில் விடியற்காலையில் மூட்டை இறக்க லாரி வரும். லீ பஜார் மொத்தச் சந்தையை ஒட்டிய சந்துகளில் மிளகாய் நெடி நிரந்தரம். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை வந்தால் ஒலிபெருக்கியும், குகையில் சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையுமாக ஊரே தெருவில் இருக்கும். அந்தச் சமயத்தில் தேர்வுக்குப் படிப்பது கடினம், வேடிக்கை பார்ப்பது எளிது.

தறிக்காரர் மகள் எழுதியது:

அம்மாப்பேட்டை பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வாடகை குறைவு என்பது உண்மைதான், ஆனால் அது ஏன் குறைவு என்று தரகர் சொல்ல மாட்டார். எங்கள் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் கீழ்த்தளத்தில் விசைத்தறி ஓடும், மேல்தளத்தில் குடித்தனம் இருக்கும். நான்கு தறிகள் சேர்ந்து ஓடும்போது தரை வழியாக அதிர்வு ஏறி, மேலே அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. மின்சாரம் நின்று தறி ஓய்ந்தால்தான் நாங்கள் தூக்கத்திலிருந்து விழிப்போம். புதிதாக வருபவர்களுக்கு அப்படி இருக்காது.

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போவார்கள். அன்று தறி ஓடாது, தெரு அமைதியாக இருக்கும், பார்த்தவுடன் பிடித்துவிடும். வேலை நாளில் போய்க் கீழ்வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக்கொலுசுப் பட்டறைகளுக்கும் இது பொருந்தும். அங்கே தட்டும் சத்தத்தோடு ஊதுலைப் புகையும் சேர்ந்து வரும்.

கருப்பூர் பழைய மாணவன் எழுதியது:

நான் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தேன். நான்காண்டும் கருப்பூரிலேயே இருந்தேன். சத்தம் இல்லை, வாடகை குறைவு, வகுப்புக்கு நடந்தே போகலாம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் உங்கள் தங்கைக்காக எழுதுகிறேன், கருப்பூரில் வீடு எடுக்காதீர்கள். அவர் அங்கிருந்து நகருக்குள் வந்து, பிறகு ஏற்காடு சாலையில் திரும்பிப் போக வேண்டியிருக்கும். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பேருந்துகளில்தான் உண்டு. தருமபுரி, மேட்டூர் போகும் புறநகர் வண்டிகளில் பயணச்சீட்டு எடுத்தாக வேண்டும். அவசரத்தில் முதலில் வருகிற வண்டியில் ஏறத்தான் தோன்றும், மாதக் கடைசியில் அதுவே ஒரு தொகையாகிவிடும்.

இன்னொன்று நெடுஞ்சாலை. பகலில் கூட அங்கே சாலையைக் கடக்கச் சிறிது நேரம் நிற்க வேண்டும். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையை ஒட்டிய சேவைச் சாலையில் தனியாக நடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

இதுவரை எழுதிய எல்லோரும் இரண்டு கல்லூரிகளுக்கும் நடுப்புள்ளி எது என்றே தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் கோரிமேட்டில் படித்தவள், என் பார்வை வேறு. நடுவில் வீடு எடுத்தால் இரண்டு பேருக்கும் அலைச்சல் மிஞ்சும். யாருக்கு அலைச்சல் தாங்கும் என்று பார்த்து, தாங்காதவருக்குப் பக்கத்தில் வீடு எடுப்பதே நியாயம். தம்பி முதுநிலை மாணவர், வயதும் அதிகம், ஆய்வகத்தில் நேரமாகி இரவு எட்டு மணிக்கு வந்தாலும் ஐந்து ரோட்டில் இறங்கி வேறு வண்டி பிடித்து வந்துவிடுவார். தங்கை பதினெட்டு வயதுப் பெண், முதல்முறையாக ஊரை விட்டு வருகிறார். கல்லூரி முடிந்ததும் பதினைந்து நிமிடத்தில் வீடு சேர முடிந்தால் அவருக்கும் தெம்பாக இருக்கும், அரூரில் இருக்கும் அம்மாவுக்கும் தூக்கம் வரும்.

ஆகவே அஸ்தம்பட்டி, மரவனேரி, சின்னத்திருப்பதி, கன்னங்குறிச்சி ஆகிய பகுதிகளைப் பாருங்கள். மரவனேரியில் பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்து இரண்டு மூன்று குடித்தனங்களுக்கு விட்டிருப்பார்கள். ஃபேர்லேண்ட்ஸ் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தை அங்கே கொடுக்க வேண்டியதில்லை. கன்னங்குறிச்சி மாநகராட்சியில் சேராத தனிப் பேரூராட்சி, வாடகை இன்னும் இறங்கும், மூக்கனேரி பக்கத்திலேயே இருப்பதால் காற்றும் நன்றாக இருக்கும். ஆனால் இரவில் பேருந்து குறைந்துவிடும் என்பதால் தம்பிக்கு அது ஒத்துவராது. கோரிமேட்டிலேயே வீடு எடுக்கலாமே என்றால், வார இறுதியிலும் மே மாதக் கோடை விழாவின் போதும் ஏற்காடு போகிற கார்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். கடைகளும் சீக்கிரம் மூடிவிடும். அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்துக்குள் பாருங்கள் என்பதே என் யோசனை.

மெய்யனூர்வாசி எழுதியது:

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அஸ்தம்பட்டியிலிருந்து கருப்பூருக்குப் பெரும்பாலும் இரண்டு வண்டி மாற வேண்டியிருக்கும். காலை எட்டரை மணிக்கு அந்த வழியில் பள்ளிக்கூட வண்டிகளும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். முதுநிலை மாணவர் என்றால் ஆய்வகம் உண்டு, நேரத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓட முடியுமா?

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

இரண்டு ஆண்டுகள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தங்கைக்கு மூன்று ஆண்டுகள். தம்பி படிப்பை முடித்துக்கொண்டு போன பிறகும் அந்த வீட்டில் இருக்கப் போவது அவர்தான்.

அரூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் ஆண்டைப் பற்றி வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. அதைப் படித்ததும் அப்பாவிடம் சொன்னேன், அவர் சிறிது நேரம் பேசவில்லை.

இப்போது வேறு கேள்விகள் எழுகின்றன. அஸ்தம்பட்டி பக்கம் தொலைபேசியில் விசாரித்ததில் ஒரு வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்கிறார். இன்னொருவர் மின்கட்டணம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். மூன்றாமவர் பையன் என்றதும் வைத்துவிட்டார். இவையெல்லாம் வழக்கம்தானா?

அழகாபுரம் வீட்டுக்காரர் எழுதியது:

நான் வீடு விடுபவன் என்பதால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். "பேச்சிலர்களுக்கு இல்லை" என்று பலகை மாட்டுவது பெரும்பாலும் ஒருமுறை சூடுபட்ட பிறகுதான். இரண்டு பேர் என்று சொல்லி வந்து எட்டுப் பேர் தங்குவது, தண்ணீர்த் தொட்டி காலையிலேயே காலியாவது, நள்ளிரவில் வண்டிச் சத்தம் என்று கீழ்வீட்டார் புகார் சொல்லும்போது நாங்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறோம். உங்கள் நிலைமை வேறு. தொலைபேசியில் "நான் மாணவன், வீடு வேண்டும்" என்று தொடங்காமல், அம்மாவும் தங்கையும் இருப்பார்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவையே பேசச் சொல்லுங்கள். கதவு திறக்கும்.

அட்வான்ஸ் பற்றி: தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வீட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்த "ஒப்புக்கொண்டாலொழிய" என்ற வாசல் வழியாகத்தான் பத்து மாதம் நுழைகிறது. மூன்றில் தொடங்கிப் பேசுங்கள், ஐந்துக்கு மேல் போகாதீர்கள். வெள்ளையடிக்கும் செலவைக் கழிப்பார்களா, காலி செய்ய எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னதை மூன்று ஆண்டு கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், நானும்தான்.

தறிக்காரர் மகள் எழுதியது:

மின்சாரத்தில் தனி மீட்டர் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட விகிதமும் ஏறும். உங்களுக்கென்று தனி இணைப்பு இருந்தால் இரண்டு மின்விசிறி, விளக்குகள், ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கு வருகிற தொகை பெரிதாக இருக்காது. வீட்டுக்காரரின் இணைப்பிலேயே துணை மீட்டர் போட்டு ஓட்டினால் இலவச யூனிட் அவருக்கு, ஏறிய விகிதம் உங்களுக்கு என்று ஆகிவிடும். யூனிட்டுக்கு ஒரே விலை சொல்கிறார் என்றால் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். வாடகையில் 500 ரூபாய் கூடினாலும் தனி மீட்டர் உள்ள வீட்டை எடுப்பது லாபம்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை எழுதியது:

மின்சாரத்தை விடுங்கள், சேலத்தில் வீட்டின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூர்த் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் தினமும் வராது, பகுதிக்குப் பகுதி இடைவெளி மாறும். மற்ற நாட்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான், அது பல இடங்களில் உப்பு.

வீடு பார்க்கப் போகும்போது சமையலறைக் குழாயின் முனையையும் குளியலறை வாளியின் உட்புறத்தையும் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு படிந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தால், அந்த வீட்டில் பருப்பு வேகச் சுணங்கும், சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்குப் பிடிக்கும். மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். பகல் பதினொரு மணிக்கு விடுகிற தெருவாக இருந்தால், இரண்டு பேரும் கல்லூரிக்குப் போன பிறகு யார் பிடித்து வைப்பது? தரைக்கடியில் சம்பு எனும் தண்ணீர்த் தொட்டி கட்டி, குழாயை அதில் இணைத்திருக்கும் வீடாகப் பார்த்து எடுங்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருமணிமுத்தாற்றின் ஓரத்திலும் தாழ்வான நகர்களிலும் பெருமழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும். பச்சப்பட்டி, நாராயண நகர் பக்கம் கேட்டுப் பாருங்கள். தரைத்தள வீட்டுச் சுவரில் ஒரே உயரத்தில் நீளமாகக் கறை ஓடியிருந்தால், புதுச் சாயம் எதற்காக அடித்தார்கள் என்பது புரிந்துவிடும்.

கருப்பூர் பழைய மாணவன் எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில தெருக்களில் வாடகை பேசுவதற்கு முன்பே "நீங்கள் என்ன ஆளுங்க" என்று கேட்பார்கள். நேராகக் கேட்காதவர்கள் குலதெய்வம் எது, அரூரில் எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அசைவம் சமைப்பீர்களா என்பதும் பல இடங்களில் அதே கேள்விதான். இதை நல்ல ஏரியா, மோசமான ஏரியா என்று பிரிக்க முடியாது, எல்லாப் பக்கமும் உண்டு. எனக்கு வீடு தேடிக் கொடுத்த சீனியர் சொன்னது இதுதான்: அந்தக் கேள்வியை முதலில் கேட்கிற வீட்டில், இடம் கிடைத்தாலும் இருக்காதே. இன்றைக்கு ஊரைக் கேட்பவர் நாளைக்கு உன்னைப் பார்க்க வருகிற நண்பனின் ஊரையும் கேட்பார்.

அழகாபுரம் வீட்டுக்காரர் எழுதியது:

மறுப்பதற்கில்லை. நான் கேட்பதில்லை, என் தெருவில் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

மரவனேரிக்குப் போகிறவள் எழுதியது:

வணக்கம். அந்தத் தங்கை நான்தான். அண்ணன் இந்த இழையைக் காட்டினான். என்னைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

கல்லூரிக்குப் பதினைந்து நிமிடத்தில் போக வேண்டும் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அரூரில் பள்ளிக்கே பேருந்தில்தான் போனேன். எனக்கு வேண்டியது, நூல் வாங்கவோ ஒளிநகல் எடுக்கவோ அண்ணனை எதிர்பார்க்காமல் மாலை ஏழு மணிக்கும் நானே நடந்து போய்வரக்கூடிய தெரு. விளக்கு எரிய வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும், நடைபாதையில் நின்று பேசுகிற பெண்கள் நாலு பேராவது இருக்க வேண்டும். கோரிமேட்டில் அது இருக்காது என்று அக்கா எழுதியதிலிருந்து புரிகிறது. ஐந்து ரோட்டில் கூட்டம் இருக்கும், ஆனால் அங்கே எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறவர்கள். செவ்வாய்ப்பேட்டை ஐயா சொன்ன தெரு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தூரம். அதனால் அஸ்தம்பட்டிக்கும் மரவனேரிக்கும் இடையில் தேடலாம் என்று நானும் சொல்கிறேன், காரணம் மட்டும் வேறு.

ஒரு சந்தேகம். வீடு அமையாவிட்டால் நான் தனியார் மகளிர் விடுதியில் சேர வேண்டியிருக்கும். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

நீயே எழுதியது நல்லதாயிற்று அம்மா. விடுதிக்குப் போனால் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேள். மகளிர் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமம் உள்ளவர்கள் எடுத்துக் காட்டத் தயங்க மாட்டார்கள், "ஓனர் ஊரில் இல்லை" என்றால் அடுத்த விடுதிக்குப் போய்விடு. பிறகு, ஓர் அறைக்கு எத்தனை கட்டில், காப்பாளர் இரவு அங்கேயே தங்குகிறாரா, மாலை எத்தனை மணிக்குக் கதவை மூடுகிறார்கள் என்பதைக் கேள். ஏற்கெனவே தங்கியிருக்கும் பெண்ணிடம் இரவுச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக விசாரி. காலைச் சிற்றுண்டி எல்லா விடுதியிலும் சுமாராக இருக்கும், இரவுச் சாப்பாட்டில்தான் கணக்குப் பார்ப்பார்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் அரசு மாணவியர் விடுதிக்கும் விண்ணப்பித்து வை. தங்குமிடமும் உணவும் இலவசம், சேர்க்கையின் போது கல்லூரி அலுவலகத்திலேயே விசாரிக்கலாம்.

அரூர்க்காரன் எழுதியது:

வரும் புதன்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு மரவனேரியிலும் அஸ்தம்பட்டியிலும் வீடு பார்க்க வருகிறோம். வேலை நாளாகவே பார்த்திருக்கிறோம். குழாய் முனையைச் சுரண்டிப் பார்ப்பது என் பொறுப்பு, மாலை ஏழு மணிக்குத் தெருவில் நடந்து பார்ப்பது அவள் பொறுப்பு என்று பேசிவைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் தனி மீட்டரும் சம்பும் உள்ள வீடு யாருக்காவது தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள். முதல் மாடி என்றாலும் சரி, தகரக் கூரை மட்டும் வேண்டாம்.

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

என் சித்தி வீட்டுக்கு எதிரில் ஒரு வீடு சென்ற வாரம் காலியானது. அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டு நாளைக்குத் தனிமடலில் எழுதுகிறேன். மாலை நடையை அந்தத் தெருவிலிருந்தே தொடங்குங்கள்.